முங்கக் கூடாது என்ற பத்தி

சென்ற மாதம் ஜெயந்தி போன் செய்தாள். நான் வேலை பார்த்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். அங்கே புது மென்பொருள் வருகிறதாம். பழைய வேர்ட் கோப்பில் இருக்கும் பத்திகளை எல்லாம் அதற்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"அக்கா, 'கடல் ஒன்று'ன்னு ஒரு பத்தி இருக்குல்லா? அதுல 'முங்கக் கூடாது'ன்னு போட்டிருக்கு. 'மூழ்கக் கூடாது'ன்னு திருத்திரட்டா? எழுத்துப் பிழைதான?"

"தொடாத" என்றேன். காரணத்தைச் சொன்னேன். 

"சரிக்கா, அப்படியே ஏத்திருதேன். ஆனா நீங்க இத எழுதி வையுங்க. எனக்குப் பொறவு வாரவளும் இதத்தான் கேப்பா."

அதனால் எழுதுகிறேன். புது மென்பொருளில் அந்தப் பத்தி ஓர் எழுத்து மாறாமல் ஏறிவிட்டது என்று மறுநாளே அவளிடமிருந்து செய்தி வந்தது. எனவே இது அதைக் காப்பாற்றுவதற்கான மனு அல்ல. அது எப்படி வந்தது என்ற விவரம் மட்டும்தான்.

என் அப்பா உடன்குடிப் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து கருப்பட்டிக் கடை வைத்தவர். நான் டைப்ரைட்டிங் ஹையர் தேறியதும் கடையில் வந்து உட்காரச் சொன்னார். மாட்டேன் என்று மருத்துவமனைக்குத் தட்டச்சராகப் போனேன். டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கப் பழகினேன். நோய்ப் பெயர்களுக்கு எழுத்துக்கூட்டப் பழகினேன். தட்டச்சு இயந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு கம்ப்யூட்டரில் தமிழாக இருந்தது இன்னொன்றில் திறந்தால் கொக்கியும் கோடுமாகத் தெரிந்த காலம் ஒன்று உண்டு. யூனிகோடு வந்ததும் அந்தத் தொல்லையும் தீர்ந்தது. ஆரம்ப வருஷங்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

எங்கள் வேலை டிஸ்சார்ஜ் சம்மரி. நோயாளி வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் தாள். என்ன நோய், என்ன சிகிச்சை என்பது மேல்பாதியில் ஆங்கிலத்தில் இருக்கும். அது அடுத்த டாக்டருக்கு. வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பது கீழ்ப்பாதியில் தமிழில் இருக்கும்; அது நோயாளிக்கு. இந்தக் கீழ்ப்பாதி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் எங்கள் தலைமை மருத்துவர் தெய்வநாயகி அம்மா. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காரக் குடும்பம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

ஒரே அறிவுரையை ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு மாதிரி அடித்துக்கொண்டிருந்தோம். சர்க்கரை நோயாளிக்கு ஒரு நர்ஸ் காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதுவாள். இன்னொருத்திக்கு அது மறந்துபோகும். "எல்லாருக்கும் ஒரே மாதிரி வர ஒரு வழி பாரு கனி" என்றார் டாக்டரம்மா. முத்துக்கனி என்ற என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்குவார்.

வழி வேர்டிலேயே இருந்தது. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்துப் பெயர் வைத்துச் சேமித்துக்கொண்டால், பிறகு அந்தப் பெயரை அடித்து எஃப் த்ரீ பொத்தானைத் தட்டினால் போதும், பத்தி முழுதும் வந்து விழும். அதற்கு 'பில்டிங் பிளாக்' என்று பெயர். நாங்கள் 'பத்தி' என்றே சொல்வோம். ஆனால் அதைக் கையால் ஒவ்வொன்றாகச் செய்வது பெரும்பாடு. ஒவ்வொரு வார்டு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். மாலையில் வேர்டை மூடும்போது, மாற்றங்களைச் சேமிக்கட்டுமா என்று அது கேட்கும். யாராவது அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டால், அன்று ஏற்றிய அத்தனையும் போய்விடும்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த ஒருவர்தான் மேக்ரோ என்று ஒன்று இருப்பதைக் காட்டினார். ஒரு வேலையை நாம் ஒருமுறை செய்து காட்டினால் அது வரிவரியாக எழுதி வைத்துக்கொள்ளும். எழுதியதைத் திறந்து பார்த்தேன். பாதி புரிந்தது. புரிந்த பாதியை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் இப்படி ஓர் ஏற்பாடு செய்தேன். ஒரு கோப்பில் வரிசைக்கு மூன்று கட்டங்களாகப் பிரித்த அட்டவணை ஒன்று. முதல் கட்டத்தில் பெயர், இரண்டாவதில் எந்தப் பிரிவு, மூன்றாவதில் நோயாளிக்கு உரிய வாசகம். மேக்ரோவை ஓட்டினால், பழைய பத்திகளை எல்லாம் துடைத்துவிட்டு, அட்டவணையை வரிசையாகப் படித்து, புதிதாக ஒவ்வொன்றையும் உண்டாக்கி, எல்லா வார்டுக்கும் பொதுவான வார்ப்புருவில் சேர்த்து, தானே சேமித்தும் விடும். ஒரு வாசகத்தை மாற்ற வேண்டுமானால் அட்டவணையில் மாற்றி ஓட்டினால் போதும். எல்லா வார்டிலும் மாறிவிடும்.

முதல் தடவை ஓட்டியபோது ஒவ்வொரு பத்தியும் ஒரு கட்டத்துக்குள் அடைபட்டே வந்து விழுந்தது. நர்ஸுகள் சிரித்தார்கள். அட்டவணைக் கட்டத்தின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று இருக்கிறது. வாசகத்தோடு அதையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். எல்லையை ஓர் எழுத்து உள்ளே இழுத்ததும் சரியாகிவிட்டது. மருந்தின் அளவு, திரும்ப வர வேண்டிய நாள் போன்ற இடங்களை மஞ்சள் பூசிக் காலியாக விட்டேன். மஞ்சள் மிச்சம் இருந்தால் அச்சுக்குப் போகாதபடி செய்தேன்.

அட்டவணைக்குள் ஒரு வாசகம் நுழைவது அவ்வளவு எளிதல்ல. டாக்டரம்மா அதை உரக்கப் படிப்பார். தனக்காக அல்ல. கேன்டீனில் டீ ஆற்றுகிறவர், நோயாளியைப் பார்க்க வந்து காத்திருக்கும் யாரோ ஒருவர் என்று சம்பந்தமில்லாத ஆளாகப் பார்த்து, அவருக்குப் படித்துக் காட்டுவார். பிறகு ஒரே கேள்வி கேட்பார்: "இதக் கேட்டாச்சுல்லா? நாளைக்குக் காலையில எந்திரிச்சு என்ன செய்வீய?" பதில் தப்பாக வந்தால் எங்களை ஒன்றும் சொல்ல மாட்டார். தப்புக்குக் காரணமான சொல்லின் அடியில் ஒரு கோடு போட்டுத் தாளைத் திருப்பித் தருவார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 'நீர் ஆகாரம் மட்டும்' என்று முதலில் எழுதியிருந்தோம். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "பழஞ்சோத்துத் தண்ணிதான, வீட்டுல எப்பவும் கெடக்கும்" என்றார். கோடு விழுந்தது. கஞ்சி, இளநீர், மோர் என்று பெயர் சொல்லியே எழுதினோம்.

மூட்டு, தசை வலிக்கு 'வலி இரண்டு' என்று ஒரு பத்தி. 'மூன்று வாரம் கடினமான வேலைகளைத் தவிர்க்கவும். பாரம் தூக்கக் கூடாது. வலி இருக்கும்போது உடம்புக்கு ஓய்வு கொடுக்கவும்.' பின்கட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். "வேலைக்குப் போவமாட்டேன், சித்தாளயும் கல்லத் தூக்கிக் குடுக்கச் சொல்லுவேன்" என்றார் கொத்தனார். பத்தி தேறியது. பல வருஷம் அது நன்றாகவே வேலை செய்தது. உப்பளத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், துறைமுகத்துச் சுமைக்காரர்கள் எல்லாருக்கும் அதுதான்.

கஸ்பார் முதல் தடவை வந்தபோதும் அதையே கொடுத்து அனுப்பினார்கள்.

கஸ்பார் சங்கு குளிக்கிறவன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். படகில் கம்ப்ரசர் ஓடும்; அதிலிருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கி வருவார்கள். அதைத்தான் முங்குவது என்பார்கள். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் உடம்புக்குள் சேர்ந்த காற்று குமிழிகளாகப் பிரியும். மூட்டில் அடைத்தால் வலி. தண்டுவடத்தில் அடைத்தால் கால் போய்விடும். கஸ்பாருக்கு அப்போது தோளிலும் முழங்காலிலும் வலி மட்டும்தான். பணியில் இருந்த இளம் டாக்டர் நோயைச் சரியாகவே கண்டுபிடித்து ஆக்ஸிஜன் கொடுத்திருக்கிறார். வலி போயிருக்கிறது. நன்றாக ஓய்வெடுங்கள் என்று வாயாலும் சொல்லி, 'வலி இரண்டு' தாளையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

மூன்று வாரம் முடிவதற்குள் அவனை இரண்டு பேர் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிறுநீர் போகவில்லை. அன்றே, காற்றழுத்தம் ஏற்றிக் குமிழிகளைக் கரைக்கும் அழுத்த அறை இருக்கும் வெளியூர் மருத்துவமனைக்கு அவனை அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் டாக்டரம்மா என்னை போனில் கூப்பிட்டார்.

"கனி, அந்தப் பையனோட பழைய சம்மரிய எடுத்துட்டு வா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். கோடு போடவில்லை. "திரும்பி வரட்டும், அவன்ட்டயே கேப்போம். அதுவரைக்கும் கடல்காரங்க யாருக்கும் இந்தப் பத்திய போடாதீங்க" என்றார்.

கஸ்பார் உயிரோடு திரும்பி வந்தான். கால்களில் லேசாக உணர்ச்சி வந்திருந்தது, நிற்க முடியவில்லை. உடற்பயிற்சிக்காக எங்கள் வார்டிலேயே சேர்த்தார்கள். அவன் மனைவி பிரகாசி கூட இருந்தாள். ஒல்லியான பெண். கட்டிலை விட்டு நகர மாட்டாள். டாக்டரம்மா, அந்த இளம் டாக்டர், நான் மூவரும் ஒரு காலையில் போனோம். டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பழைய தாளை அவனிடம் கொடுத்தார்.

"இதப் படிச்சியா கஸ்பார்?"

"இவ படிச்சுச் சொன்னா."

"சொன்னத வச்சு என்ன செஞ்சே? உள்ளதச் சொல்லு. கோவப்பட மாட்டேன்."

"போட்டிருந்தபடிதான் செஞ்சேன். வலை இழுக்கல. ஐஸ் பெட்டி தூக்கல. தண்ணிக் கொடம்கூட இவதான் தூக்குனா. பொறவு ஒருநாளு திரும்பத் தோளு வலிச்சுது. வலி இருந்தா உடம்புக்கு ஓய்வு குடுன்னு போட்டிருந்துச்சுல்லா? அதான் போய் முங்குனேன்."

இளம் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"முங்குறது கடினமான வேலை இல்லியா?"

கஸ்பார் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். "தண்ணிக்குள்ள எங்கம்மா கனம்? அங்கன உடம்பு இருக்கதே தெரியாது. வலியும் பறந்திரும். எல்லாவனும் அப்படித்தான் செய்வானுவ. மேல வந்தாத்தான் கனம்."

 கொத்தனாருக்கு ஓய்வு என்றால் வீட்டுத் தரை. இவனுக்கு ஓய்வு என்றால் கடலடி. நாங்கள் எழுதிய வாசகம், எங்கே போகக் கூடாதோ அங்கேயே அவனை அனுப்பியிருக்கிறது.

டாக்டரம்மா சோடா பாட்டிலைச் சொல்லி விளக்கினார். மூடியிருக்கும்வரை பாட்டிலுக்குள் குமிழி தெரியாது, திறந்தால் பொங்கும். திரும்ப முங்குவது மூடியைத் திரும்ப அழுத்துவது மாதிரி. வலி அடங்கும், ஆனால் அந்த நேரத்தில் இன்னும் காற்று உள்ளே ஏறும், மேலே வந்தால் முன்னைவிடப் பொங்கும். கஸ்பார் தன் கால்களையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரி, புதுசா எழுதுவோம். நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. நான் காகிதத்தை எடுத்தேன்.

இளம் டாக்டர் முதல் வரி சொன்னார்: "நீரில் மூழ்குவதைத் தவிர்க்கவும்."

வெளியூர் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு கஸ்பார் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "மூழ்குறதா? மூழ்குனா செத்துல்லா போவோம் டாக்டர். அத எவன் வேணும்னு செய்வான்?"

"முங்கக் கூடாதுன்னு போடுங்க" என்றாள் பிரகாசி.

"போடு கனி" என்றார் டாக்டரம்மா.

அதற்குப் பிறகு பிரகாசியே ஒவ்வொன்றாகக் கேட்டாள். கம்ப்ரசர் இல்லாமல் மூச்சைப் பிடித்து முங்கலாமா என்று கேட்பார்கள், அதையும் போடுங்கள் என்றாள். படகில் சும்மா போகலாமா? போகலாம் என்றார் டாக்டரம்மா. தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. எத்தனை நாளைக்கு? நான் வழக்கம்போல நாளுக்கு ஒரு மஞ்சள் இடம் விடப் போனேன். டாக்டரம்மா தடுத்தார். "நாள் போடாத. அந்த நாள் வந்த அன்னிக்கு முங்கிருவாங்க. 'டாக்டர் பார்த்து, முங்கலாம் என்று எழுதிக் கொடுக்கும்வரை'ன்னு போடு."

'வலி தீருவதற்காகத் திரும்ப முங்கக் கூடாது' என்ற வரிக்குத்தான் கஸ்பார் தயங்கினான். "இதப் படிச்சா சிரிப்பானுவ. காலம் காலமா செய்யுதது."

"ஒங்களுக்கு என்னாச்சு?" என்றாள் பிரகாசி. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வரி தாளில் தங்கியது.

கடைசியாக அவள் கேட்டது எங்களைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. படகின் உரிமையாளரை அங்கே சம்மாட்டி என்பார்கள். அவருக்கும் ஒரு வரி வேண்டும் என்றாள். ஒரு மருத்துவமனை படகு முதலாளிக்கு எப்படி எழுதுவது என்று இளம் டாக்டர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

"ஆள் கொறஞ்சா சம்மாட்டி வீட்டுக்கே வந்து கூப்புடுவாரு. நான் சொன்னா ரெண்டு பேருமே கேக்க மாட்டாவ. பேப்பர் சொன்னா கேப்பாவ."

'சம்மாட்டி கவனத்துக்கு: இவரை முங்க அனுப்பாதீர்கள். படகில் மேல்வேலை கொடுக்கலாம்' என்று எழுதிக்கொண்டேன். டாக்டரம்மா முழுவதையும் உரக்கப் படித்தார். வழக்கமான கேள்வியைக் கஸ்பாரிடம் கேட்டார். அவன், "கரையில இருப்பேன்" என்றான்.

அன்று மத்தியானமே அட்டவணையில் 'கடல் ஒன்று' என்று ஒரு வரிசை சேர்த்து மேக்ரோவை ஓட்டினேன். யாராவது பழக்கத்தில் 'வலி இரண்டு' என்று அடித்தால், கடலில் முங்கும் தொழிலா என்று முதலில் ஒரு கேள்வி வரும்படியும் எழுதினேன். ஆம் என்றால் புதுப் பத்திதான் விழும். எல்லா வார்டிலும் வருகிறதா என்று நானே ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"சரி" என்றார். "இனிமே அச்சடிக்கப் போறது மாறும். ஏற்கெனவே வீட்டுக்குப் போன தாள்?"

அது மாறாது. பத்தி தாளில் விழுந்த கணமே வெறும் எழுத்தாகிவிடுகிறது. அட்டவணைக்கும் அதற்கும் பிறகு ஒரு தொடர்பும் இல்லை. நான் அதைச் சொன்னேன். 

சேமித்து வைத்த பழைய சம்மரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேட இன்னொரு மேக்ரோ எழுதினேன். தொழில் என்ற கட்டத்தை நம்ப முடியாது. கஸ்பாருக்கே அதில் 'கூலி' என்றுதான் போட்டிருந்தது. ஆகவே 'வலி இரண்டு' வாசகமும், மேல்பாதி ஆங்கிலத்தில் முங்கியதைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து வருகிற தாள்களைத் தேடச் சொன்னேன். அது ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.  திரையில் கோப்புகளின் பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு முறை நின்றபோதும் பெயரைக் குறித்துக்கொண்டேன். முடிவில் கஸ்பாரைத் தவிர மூன்று பேர் மிஞ்சினார்கள்.

ஒருவர் கடல் தொழிலையே விட்டு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் போனை எடுத்தார். அடுத்த நாளே வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாமவர் பெயர் சிலுவை. போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. விலாசம் புன்னைக்காயல்.

வார்டில் பிரகாசியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "சிலுவையா? எங்க தெருக்காரன்லா. எங்க அம்ம வீடு அங்கனதான் இருக்கு. நானும் வாரேன்" என்று உடனே எழுந்தாள். கஸ்பாரை அவன் தம்பி பார்த்துக்கொண்டான். டாக்டரம்மா மருத்துவமனைக் காரை அனுப்பினார்.  கார் ஆத்தூரைத் தாண்டியதும் பிரகாசி, "அவனுக்குப் போன வருஷந்தான் கல்யாணம் ஆச்சு" என்றாள்.

சிலுவை கரையில் படகோரம் உட்கார்ந்து காற்றுக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் கடலுக்குப் போகத் தயார் செய்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது. வலது கையால் மட்டும் சுருட்டினான். இடது கை மடியில் கிடந்தது.

நான் யார் என்று சொல்லி, பழைய தாளைப் பற்றிக் கேட்டேன். "பத்திரமா இருக்கு" என்று எழுந்து வீட்டுக்குள் போனான். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு வந்தான். லேமினேட் செய்து வைத்திருந்தான்.

"நீங்க சொன்னபடிதான் இருக்கேன் மேடம். பாரம் தூக்குததே இல்ல. அதெல்லாம் கூட வாரவன் பாத்துக்கிடுவான். வலி வந்தா முங்கிருவேன். நேத்தும் வந்துச்சு, முங்குனேன், போயிட்டு. காலையிலதான் திரும்ப ஆரம்பிச்சிருக்கு."

லேமினேட் செய்த அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். எங்கள் மருத்துவமனைத் தாள்களில் அவ்வளவு மரியாதையோடு வைக்கப்பட்ட இன்னொன்றை நான் பார்த்ததில்லை. புதுத் தாளை எடுத்து டாக்டரம்மா படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தேன். சிலுவை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"இது அன்னைக்கு எழுதுனது, அது இன்னைக்கு எழுதுனது. நாளைக்கு வேற எழுதுவீய. சங்கு கெடைக்க நேரத்துல கரையில இருன்னா எப்படி மேடம்?"

 அவன் கேட்டதில் தப்பில்லை. பிரகாசிதான் முன்னால் வந்தாள்.

"ஏல சிலுவை, என்னைத் தெரியுதா இல்லியா?"

"தெரியாம என்ன? கஸ்பார் அண்ணன் எப்படி இருக்காவ?"

"அவியளும் இதே பேப்பரத்தான் வச்சிருந்தாவ. இதே மாதிரிதான் தோளு வலிச்சுது. இதே மாதிரிதான் போய் முங்குனாவ. இப்போ ரெண்டு பேரு பிடிச்சுத் தூக்கித்தான் கக்கூசுக்குக் கொண்டு போறோம். மூத்திரம் வாரது அவியளுக்கே தெரியல. ஆம்பள, அழுதாவ தெரியுமா? மூஞ்சிய மூடிக்கிட்டு அழுதாவ." அவள் குரல் உயரவில்லை. "ஒம் பொண்டாட்டி வாசல்ல நிக்கா. அவ தூக்குவாளா ஒன்ன? கேட்டுச் சொல்லு."

சிலுவை திரும்பிப் பார்த்தான்.  வாசலில் நின்ற அந்தச் சின்னப் பெண் உள்ளே போய் அவன் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். அவனுடைய இடது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. அவளே மாட்டிவிட்டாள். குழாயை அப்படியே மணலில் போட்டுவிட்டுக் காரில் ஏறினான்.

ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். இந்தத் தடவை டாக்டரம்மா அவனையும் அழுத்த அறை உள்ள ஊருக்கு அனுப்பினார். கை முழுதாகச் சரியாகித் திரும்பினான். மறுநாளும் முங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. டாக்டரம்மாவும் சொல்லவில்லை.

போகும்போது சிலுவை ஒன்று கேட்டான். ஆள் பெயர் போடாமல், அந்தப் பத்தி மட்டும் பெரிய எழுத்தில் ஒரு தாள் வேண்டும், படகில் ஒட்டுவதற்கு. பெயரில்லாத தாளில் மருத்துவமனைக் கையெழுத்துப் போடுவது வழக்கமில்லை. டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டு, "பத்துத் தாள் அடி கனி" என்றார். நான் இன்னும் கூடுதலாகவே அடித்தேன்.

டாக்டரம்மா ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அதன் பிறகு சில வருஷத்தில் நானும் ஓய்வு பெற்றேன். அதற்கு அடுத்த பொங்கலுக்குள் ஒருநாள் திரேஸ்புரம் கரையில் மீன் வாங்கப் போயிருந்தேன். கரையேற்றி வைத்த ஒரு படகில், கம்ப்ரசரின் மூடியில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. வெயிலில் எழுத்து வெளிறிவிட்டது. யாரோ சிவப்புப் பெயின்ட் தொட்டு, ஒவ்வொரு எழுத்தின் மேலும் மெனக்கெட்டு எழுதியிருந்தார்கள். கடைசி வரிக்குக் கீழே, எங்கள் அட்டவணையில் இல்லாத வரி ஒன்று இருந்தது.

'சந்தேகம்னா கஸ்பாரக் கேளு.'

மீனை வாங்கிக்கொண்டு நேரே கஸ்பாரைப் பார்க்கப் போனேன். சங்கைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கி ஒன்றில் தரம் பிரிக்கும் வேலை அவனுக்கு. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே செய்யலாம். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. பார்த்த விஷயத்தைச் சொன்னேன்.

"ஆமா, எவனோ எழுதிட்டான். கேக்கவும் வாரானுவ, சின்னப் பயலுவ" என்றான் ஒரு சங்கைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

"வந்தா என்ன சொல்லுவ?"

"ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். எந்திரிச்சு அந்தக் கதவு வரைக்கும் நடந்து காட்டுவேன்."